ஜகார்த்தாவில் தொடங்கி ஜகார்த்தாவில் முடிந்தது

2010ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு, ஜகார்த்தா நகரின் கெலோரா புங் கார்னோ அரங்கில் மலேசியக் காற்பந்துக் குழு இந்தோனேசியாவிடம் ஒன்றுக்கு ஐந்து என்ற கோல் கணக்கில் தோற்றது. அன்றைய முதல் கோலைப் போட்டது மலேசியாதான் என்பதும், பதினெட்டாவது நிமிஷத்தில் நோர்ஷாருல் இட்லான் பந்தை வலைக்குள் சேர்த்தபோது அந்தப் பிரம்மாண்டமான அரங்கத்தின் ஆரவாரம் சட்டென்று அடங்கியது என்பதும் இன்று பலருக்கு ஞாபகம் இராது. ஏனெனில் அதற்குப் பின் நிகழ்ந்தவை அந்தச் சிறு சந்தோஷத்தை அடியோடு துடைத்துவிட்டன. சில நிமிஷங்களுக்குள் மலேசியத் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரின் மீது பட்டே பந்து சொந்த வலைக்குள் புகுந்தது. பிறகு உருகுவாயில் பிறந்து இந்தோனேசியப் பிரஜையாகியிருந்த கிறிஸ்தியான் கொன்சாலெஸ் ஒன்று போட்டார். இடைவேளைக்குப் பின் இரண்டு. ஆட்டம் முடிந்து கூடுதல் நிமிஷங்களும் தீர்ந்துகொண்டிருந்த வேளையில், ஹாலந்தில் வளர்ந்து வந்த இர்ஃபான் பாக்டிம் ஐந்தாவதையும் போட்டு முடித்தார்.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மாமாக் கடைகளின் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருந்தவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி உண்டாயிருக்க நியாயமில்லை. 2007இல் ஆசியக் கிண்ணப் போட்டியை நடத்திய நான்கு நாடுகளில் மலேசியாவும் ஒன்றாக இருந்தபோது, சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் கண்ணெதிரே, சீனாவிடம் ஒன்றுக்கு ஐந்து, உஸ்பெகிஸ்தானிடம் பூஜ்யத்துக்கு ஐந்து, ஈரானிடம் பூஜ்யத்துக்கு இரண்டு என்று வரிசையாகத் தோற்ற குழு அது. அந்த அவமானத்தைக் கண்டவர்கள் ஜகார்த்தாவின் ஐந்தையும் அதே கணக்கில் எழுதிக்கொண்டு, தே தாரிக்கைக் குடித்து முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆயினும் இருபத்தெட்டு நாட்கள் கழித்து, டிசம்பர் 29ஆம் தேதி இரவு, அதே ஜகார்த்தாவில், அதே அரங்கில், அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றில் வென்ற குழுவின் தலைவராக சாஃபிக் ரஹிம் கோப்பையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார். ஒரு மாதத்துக்குள் ஒரு குழுவின் கால்கள் மாறிவிடுவதில்லை. அவ்வாறெனில் எது மாறியது?

இந்தப் போட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தென்கிழக்காசிய நாடுகளுக்கென்றே 1996இல் தொடங்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒரு முறை நடந்துவரும் இது, ஆரம்பத்தில் டைகர் கிண்ணம் என்றும், 2010இல் சுசுகி கிண்ணம் என்றும், பணம் கொடுப்பவரின் பெயருக்கேற்பப் பெயர் மாற்றிக்கொண்டு வந்த போட்டி. 2010இல் எட்டு நாடுகள் இரண்டு பிரிவுகளாகப் பிரிந்து ஆடின. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு ஸ்தானங்களைப் பெறுபவை அரையிறுதிக்குச் செல்லும். அரையிறுதியிலும் இறுதியிலும் ஓர் ஆட்டத்தோடு காரியம் முடிவதில்லை. நம் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள் நடந்து, இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் வெற்றி தீர்மானிக்கப்படும். முதல் போட்டியிலேயே, 1996இல், இறுதிக்கு வந்து தாய்லாந்திடம் ஒரே கோலில் தோற்ற மலேசியா, அதன் பின் பதினான்கு ஆண்டுகளாக இறுதிச் சுற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாய்லாந்தும் சிங்கப்பூரும் மும்மூன்று முறையும் வியட்நாம் ஒரு முறையும் கோப்பையை எடுத்துச் சென்றிருந்தன. 

மலேசியக் காற்பந்துக்கு இப்படிப்பட்ட தரித்திரம் பூர்வீகமானதன்று என்பதே முதியவர்களின் மனத்தாங்கலுக்குக் காரணம். 1971இல் சியோலில் நடந்த தகுதிச் சுற்றில் ஜப்பானையும் தென்கொரியாவையும் அவர்களுடைய வட்டாரத்திலேயே வென்று, 1972ஆம் ஆண்டின் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய குழு மலேசியக் குழு. மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் அங்கே தோற்றாலும் அமெரிக்காவை மூன்று கோலில் வென்று திரும்பியது. 1974இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வடகொரியாவைத் தோற்கடித்து வெண்கலப் பதக்கம். 1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி. சபா மாநிலத்து ஹசான் சானி பந்தைக் கொண்டுசென்று கொடுக்க, அதே சபாவின் ஜேம்ஸ் வோங் போட்ட அந்தக் கோலை வானொலி, தொலைக்காட்சி வர்ணனையோடு சேர்த்து மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தபோது மலேசியாவும் பகிஷ்கரித்தது; மலேசியாவின் ஸ்தானத்தில் ஈராக் ஆடியது. தங்கள் ஜீவிதத்தின் மிகச் சிறந்த பருவத்தில் இருந்த ஆட்டக்காரர்கள், தாங்கள் செய்த குற்றம் யாதொன்றும் இன்றி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அந்தக் குழுவின் கோல்காவலர் கிள்ளான் வட்டாரத்துத் தமிழர். ஆர். ஆறுமுகம் என்ற அந்த நெடிய மனிதரின் கைகளும் கால்களும் எட்டுத் திக்கும் நீண்டு பந்தை மறித்த விதத்தைக் கண்டு, ரசிகர்கள் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பெயரிட்டார்கள்; மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் பேதமின்றி அந்தப் பெயராலேயே அவரை அழைத்தார்கள். சிலாங்கூர் மாநிலத்துக்காகவும் தேசத்துக்காகவும் பல்லாண்டு வலையைக் காத்த அவர், 1988 டிசம்பர் 18ஆம் தேதி, முப்பத்தைந்தே வயதில், சாலை விபத்தில் காலமானார். 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' என்ற மலேசியத் திரைப்படம் 1980ஆம் ஆண்டுக் குழுவின் கதையைத் தழுவியது. அதில் வரும் தமிழ்க் கோல்காவலர் பாத்திரத்துக்கு மூலபுருஷர் ஆறுமுகமே என்பது யாவரும் அறிந்தது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டி சிலாங்கூர் அணிக்கும் தேசியக் குழுவுக்கும் முன்னணி ஆட்டக்காரராக ஆடியவர்களில் ஒருவர் கே. ராஜகோபால். 'கிங் ராஜா' என்று ரசிகர்கள் அன்பாக அழைத்த இவர், 2009ஆம் வருஷத்தின் நடுவில் தேசியக் குழுவின் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றபோது, அந்த நாற்காலி எவரும் விரும்பி அமரும் நாற்காலியாக இல்லை. அவருக்கு முன் அதில் இருந்த பி. சத்தியநாதன், அந்த ஆண்டு ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் சொந்த மண்ணில் ஐந்து கோல்களில் தோற்றதைத் தொடர்ந்து விலக நேர்ந்தது. ஒரு தமிழரின் பின் இன்னொரு தமிழர் என்று நம்மவர் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அந்தப் பெருமையின் ஆயுள் எத்தனை மாதம் என்று உள்ளூரக் கணக்கிட்டவர்களும் இல்லாமலில்லை.

ராஜகோபால் ஏற்றுக்கொண்டது இரண்டு குழுக்களின் பொறுப்பை: ஒன்று தேசியக் குழு, மற்றொன்று இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோரின் குழு. இந்த இரட்டைப் பாரமே பின்னால் அனுகூலமாக அமைந்தது என்று நான் கருதுகிறேன். அதே 2009இன் டிசம்பரில் லாவோஸ் தலைநகர் வியந்தியானில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் இளைஞர் குழு ஆடியது. பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் ஒன்றுக்கு மூன்று என்று தோற்றது. பின்னர் இறுதி ஆட்டத்தில் அதே வியட்நாமை மீண்டும் சந்தித்து, எதிரியின் காலில் பட்டு வலைக்குள் சென்ற ஒற்றைக் கோலினால் வென்று, இருபது ஆண்டுகளாகக் கிட்டாத தங்கத்தைக் கொண்டுவந்தது. முதலில் ஒருவனிடம் தோற்று, அவனை உற்று நோக்கிக் கற்றுக்கொண்டு, மறுபடி அவனைச் சந்திக்கும்போது வெல்லுதல் என்ற அனுபவம் அந்த இளைஞர்களுக்கு அங்கேயே வாய்த்துவிட்டது. அவர்களில் பலர்தான் அடுத்த ஆண்டு ஜகார்த்தாவுக்குச் சென்றவர்கள். ஆதலின் ஐந்து கோல் வாங்கிய இரவில் உடைமாற்றும் அறைக்குத் திரும்பியவர்களுக்கு அந்நிலைமை முற்றிலும் புதிதன்று.

இன்னொரு காரணத்தையும் மறந்துவிடலாகாது. 2009 முதல் மலேசிய லீக் ஆட்டங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. தடையைப் பற்றி அன்றும் இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. வெளிநாட்டாரோடு மோதிப் பழகாதவன் வளர மாட்டான் என்பாரும், அவன் வந்தால் நம் பையனுக்கு இடமே கிடைக்காது என்பாரும் தத்தம் கட்சியை விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் அவ்விரண்டு ஆண்டுகளில், மாநில அணிகளில் கோல் போடும் ஸ்தானங்கள் எல்லாம் உள்ளூர் இளைஞர்களுக்கே கிடைத்தன என்பது மறுக்க முடியாதது. சிலாங்கூர் அணியின் முன்னணியில் காஜாங் இளைஞர் சாஃபி சாலி நின்றார். கிளந்தான் அணியில் நோர்ஷாருல் நின்றார். 2010இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அந்தக் கிளந்தானின் வலையை இருபத்தொரு வயது கைருல் ஃபாஹ்மி காத்தார். அந்நியரை நாட்டவராக்கி முன்னணியில் நிறுத்திய இந்தோனேசியாவுக்கும், உள்ளூர்ப் பையன்களை மட்டும் கொண்டுசென்ற மலேசியாவுக்கும் இருந்த வித்தியாசத்தை டிசம்பர் முதல் தேதியின் கணக்கைப் பார்த்தவர்கள் எள்ளி நகையாடினார்கள். இருபத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு அதே வித்தியாசம் மலேசியப் பத்திரிகைகளில் பெரும் தத்துவமாகிவிட்டது. இரண்டும் மிகை என்பது என் எண்ணம்; கொன்சாலெஸ் மட்டமான ஆட்டக்காரரும் அல்லர், உள்ளூரில் பிறந்துவிட்டதனால் மட்டும் ஒருவன் கோல் போட்டுவிடுவதும் இல்லை.

காற்பந்தைப் பற்றி ஓர் உண்மையை இங்கே கூற வேண்டும். கிரிக்கெட்டில் நூற்றுக்கணக்கில் ஓட்டங்கள் சேர்வதனால் நீண்ட நேரத்தில் பலசாலி எவன் என்பது தெளிந்துவிடும். காற்பந்தில் தொண்ணூறு நிமிஷத்துக்கு இரண்டு அல்லது மூன்று கோல் விழுவதே வழக்கமாகையால், ஒரு தவறிய உதையும் நடுவரின் ஒரு விசிலும் தெய்வசங்கல்பம் போல் வந்து நிற்கும். ஜகார்த்தாவில் விழுந்த ஐந்தையும் நிதானமாகப் பிரித்துப் பார்த்தால், ஒன்று சொந்தக் கோல். ஒன்று ஆட்டத்தின் கடைசி மூச்சில் வந்தது. தோல்வி தோல்விதான், ஆனால் கணக்கு காட்டும் அளவுக்கு இரு குழுக்களுக்கும் தாரதம்மியம் இருக்கவில்லை. இதைப் பத்திரிகைக்காரர்கள் காணத் தவறினாலும், பயிற்றுநர் கண்டிருக்க வேண்டும். ஏனெனில் அடுத்த ஆட்டத்தில் அவர் செய்தது ஆர்ப்பாட்டமான மாற்றம் எதுவுமன்று: குழு பின்வாங்கி நெருங்கி நின்றது, நடுவில் இடைவெளியை மூடியது, பந்து கிடைத்தால் மட்டும் சாஃபியையும் நோர்ஷாருலையும் நம்பி முன்னே விரைந்தது. டிசம்பர் 4ஆம் தேதி தாய்லாந்தோடு நடந்த ஆட்டத்தில் கோல் ஏதும் விழவில்லை. காண்பதற்குச் சுவாரஸ்யமற்ற ஆட்டம். ஆனால் மூன்று முறை கோப்பையை வென்ற தாய்லாந்திடம் கிடைத்த அந்த ஒற்றைப் புள்ளியின் விலை மூன்று நாட்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் 7ஆம் தேதி பிரிவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் நடந்தன. பலெம்பாங் நகரில் மலேசியா லாவோஸை ஐந்துக்கு ஒன்று என்று வென்றது. அவ்வளவில் மலேசியாவுக்கு நான்கு புள்ளிகள். ஜகார்த்தாவில் அதே நேரத்தில் இந்தோனேசியாவும் தாய்லாந்தும் மோதிக்கொண்டிருந்தன. தாய்லாந்து வென்றுவிட்டால் ஐந்து புள்ளிகளோடு அது அரையிறுதிக்குப் போகும், மலேசியா வீடு திரும்பும். இந்தோனேசியாவோ அதற்கு முன்பே தகுதி பெற்றுவிட்ட குழு. அது தோற்றாலும் நஷ்டமில்லை. இங்கிலாந்தின் பிரபல ஆட்டக்காரராக இருந்த பிரையன் ராப்சனைப் பயிற்றுநராகக் கொண்ட தாய்லாந்து, இரண்டாம் பாதியில் ஒரு கோல் போட்டு முன்னே சென்றது. மலேசியாவின் கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் கூட இல்லாத வேளையில் தாய்லாந்து செய்த தவறுகளுக்கு நடுவர் இரண்டு பெனால்டிகள் வழங்க, இந்தோனேசியாவின் மூத்த ஆட்டக்காரர் பம்பாங் பமுங்காஸ் இரண்டையும் உதைத்துக் கோலாக்கினார். தாய்லாந்து வெளியேறியது, மலேசியா உள்ளே வந்தது. தனக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லாத ஓர் ஆட்டத்தைக் கௌரவமாக ஆடி முடித்த அந்தக் குழு, மூன்று வாரத்தில் தன் கோப்பையைப் பறிக்கப்போகிறவனைத் தானே கைதூக்கிவிட்டது. இதைத் திட்டமிட்டு எந்தப் பயிற்றுநரும் செய்ய முடியாது. மலேசியாவின் வெற்றியைப் பற்றிப் பேசுபவர்கள் பம்பாங்கின் பெயரை உச்சரிக்காமல் விட்டுவிடுவது நன்றிகெட்ட செயல் என்றே சொல்வேன்.

அரையிறுதியில் எதிர்ப்பட்டது நடப்பு வெற்றியாளரான வியட்நாம். டிசம்பர் 15ஆம் தேதி புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் சாஃபி சாலி இரண்டாம் பாதியில் இரண்டு கோல்கள் போட்டார். மறு ஆட்டம் 18ஆம் தேதி ஹனோய் நகரின் மீ டிங் அரங்கில். தொண்ணூறு நிமிஷமும் வியட்நாம் விடாமல் முற்றுகையிட்டது; கைருல் ஃபாஹ்மியும் அவருக்கு முன் நின்ற தற்காப்பினரும் ஒரு கோலுக்கும் இடம் கொடுக்கவில்லை. ஆட்டம் கோலின்றி முடிந்தது. மலேசியக் கோல்காவலர் ஒருவர் எதிரியின் கோட்டையில் வலையைத் தூய்மையாகக் காத்த அந்த நாள், ஆறுமுகம் மறைந்த இருபத்திரண்டாவது நினைவு நாளாக அமைந்தது. இதற்கு அர்த்தம் கற்பிக்க வேண்டியதில்லை, ஆனால் தேதிகளை நினைவில் வைத்திருக்கும் கிள்ளான்வாசிகள் கவனித்திருப்பார்கள்.

இந்த நாட்களில் இந்தோனேசியக் குழுவுக்கு நேர்ந்தது வேறு வகையான கஷ்டம். அரையிறுதியில் பிலிப்பீன்ஸை வென்று இறுதிக்கு வந்துவிட்ட அவர்களை நாடே தூக்கிக் கொண்டாடியது. அரசியல் தலைவர் அபுரிசால் பாக்ரியின் இல்லத்தில் உபசாரம், சமயப் பள்ளியில் கூட்டுப் பிரார்த்தனை, தொலைக்காட்சி, விளம்பரம் என்று ஆட்டக்காரர்கள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். ஆஸ்திரியரான பயிற்றுநர் ஆல்ஃபிரெட் ரீடல் இதை விரும்பவில்லை. ஐந்து கோலில் வென்ற குழுவை ஆறு கோலில் வெல்வது எப்படி என்றுதான் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். மலேசியக் குழுவை அந்த வாரத்தில் அவ்வாறு கொண்டாட எவரும் இல்லாமற் போனது அதன் பாக்கியம்.

இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் டிசம்பர் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து புக்கிட் ஜாலிலுக்குப் போக விரும்பியவர்கள் துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறி, ஹங் துவாவில் இறங்கி, இலகு ரயிலுக்கு மாறிச் செல்ல வேண்டும். பிற்பகலிலேயே அந்த ரயில்களில் மஞ்சள் சட்டைகள் நிறைந்துவிட்டன. பிரிக்பீல்ட்ஸே அந்த மாதம் புதுக்கோலம் பூண்டிருந்தது. அக்டோபர் 27ஆம் தேதிதான் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் சேர்ந்து அதை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்திருந்தார்கள். ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்து, கோவிலும் தேவாலயமும் விகாரமும் அடுத்தடுத்து அமைந்த அந்தப் பேட்டையில், மார்கழிப் பூஜைக்குச் சென்று வந்தவர்களும் கிறிஸ்துமஸ் உறவினர்களை வழியனுப்பியவர்களும் அந்த ஞாயிறு மாலை ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்.

ஆட்டத்தின் முதற்பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிஷங்களில், கூட்டத்திலிருந்து சிலர் பச்சை நிற லேசர் ஒளியை இந்தோனேசியக் கோல்காவலர் மார்க்குஸ் ஹோரிசனின் கண்களில் பாய்ச்சுவதாக அவர் முறையிட, ஆட்டம் நின்றது. இந்தோனேசியர்கள் திடலை விட்டு வெளியேறினார்கள். ஏறக்குறைய எட்டு நிமிஷம் கழித்து ஆட்டம் மீண்டும் தொடங்கியது. அறுபத்தொன்றாம் நிமிஷத்தில் நோர்ஷாருல் எதிரியின் தற்காப்பை ஏமாற்றிக் கொடுத்த பந்தை சாஃபி கோலாக்கினார். அறுபத்தெட்டில் திரங்கானு இளைஞர் அஷாரி சம்சுடின் ஒன்று. எழுபத்து மூன்றில் மறுபடியும் சாஃபி. பன்னிரண்டு நிமிஷங்களில் மூன்று கோல்கள்.

லேசர் ஒளியைக் குறித்து மலேசியர் பலர் இன்றும் மழுப்புவதுண்டு. அது வெட்கக்கேடான காரியம். வியட்நாமியரும் அரையிறுதியில் அதே முறையீட்டைச் செய்திருந்தார்கள். மூன்று கோல்களும் ஒளியினால் விழவில்லை, தற்காப்பின் கட்டுக்கோப்பு குலைந்ததனால் விழுந்தன என்பது என் அபிப்பிராயம். ஆனால் எட்டு நிமிஷ இடைநிறுத்தத்துக்குப் பின் எந்தக் குழுவின் மனம் ஒருமைப்பட்டிருந்தது, எதனுடைய மனம் சிதறியிருந்தது என்று கேட்டால், அந்த அற்பர்களின் கைவரிசைக்கும் பலன் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்று கோல் மூலதனத்தோடு மலேசியா மீண்டும் ஜகார்த்தாவில் இறங்கியபோது, நிலைமை டிசம்பர் முதல் தேதிக்கு நேர்மாறாக இருந்தது. கோல் போட வேண்டிய நிர்ப்பந்தம் இந்தோனேசியாவுடையது. காலத்தைக் கழிப்பது மலேசியாவுடைய வேலை. முதற்பாதியிலேயே இந்தோனேசியாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. குழுத் தலைவர் ஃபிர்மான் உத்தினா உதைத்தார். கைருல் ஃபாஹ்மி அதைத் தடுத்துவிட்டார். இந்தப் போட்டி முழுவதிலும் ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதையே தேர்வேன். அது கோலாகியிருந்தால் இன்னும் எழுபது நிமிஷமும், கூச்சலிடும் பெருங்கூட்டமும், மூன்று மூன்றாகக் கணக்கைச் சமன் செய்ய இரண்டே கோல் பாக்கியும் இருந்திருக்கும்; முதல் தேதியின் நினைவு இளைஞர்களின் கால்களைக் கட்டியிருக்கும். இடைவேளைக்குப் பின் ஐம்பத்து நான்காம் நிமிஷத்தில் மலேசியா திடீரென்று முன்னே பாய்ந்து சாஃபியின் மூலம் ஒரு கோலும் போட்டது. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் நான்குக்குப் பூஜ்யம். அத்தோடு காரியம் முடிந்தது. பின்னர் நசுஹாவும் ரிட்வானும் போட்ட கோல்களால் அன்றைய ஆட்டத்தை இந்தோனேசியா இரண்டுக்கு ஒன்று என வென்றது; கோப்பையோ நான்குக்கு இரண்டு என்ற மொத்தக் கணக்கில் மலேசியாவுக்குச் சென்றது. ஐந்து கோல்கள் போட்ட சாஃபி சாலி போட்டியிலேயே அதிக கோல் போட்டவரானார். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது, பெனால்டியைத் தவறவிட்ட அதே ஃபிர்மானுக்கே வழங்கப்பட்டது. அவர் அதுகாறும் ஆடிய ஆட்டத்துக்கு அது தகும்.

அன்றிரவே பிரதமர், 31ஆம் தேதி வெள்ளிக்கிழமையைப் பொது விடுமுறையாக அறிவித்தார். மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் 'நம்ம ராஜகோபால்' என்ற பேச்சே பேச்சாக இருந்தது. அதில் நியாயம் உண்டு. தேசியக் குழுவுக்கு இக்கோப்பையை முதன்முதலில் கொண்டுவந்தவர் அவர். பின்னர் டத்தோ பட்டமும் பெற்றார். ஆனால் அந்தப் பெருமிதத்தின் நடுவே, குழுவில் ஆடச் சென்ற தமிழ் இளைஞர்கள் எத்தனை பேர் என்று எண்ணியவர்கள் எஸ். குணாளன், கே. குருசாமி என்ற இரண்டு பெயர்களோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஆறுமுகத்தின் காலத்திலும் அதற்கு முன் எம். சந்திரன், என். தனபாலன் போன்றோர் ஆடிய காலத்திலும் நிலைமை இதுவன்று.

இதன் காரணத்தைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டங்களில் லயன் வீடுகளின் எதிரே ஒரு திடல் இருந்தது. காலையில் பால்மரம் வெட்டி வந்தவன் மாலையில் அங்கே பந்தை உதைத்தான். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடந்தது, அதைக் கண்டு மாநிலத்துக்கு ஆள் எடுத்தார்கள். ரயில்வேயிலும் துறைமுகத்திலும் மின்சார வாரியத்திலும் வேலை செய்தவர்களுக்கு இலாகாக் குழுக்கள் இருந்தன. எழுபதுகளுக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளுமாக மாறியபோது, கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்கள் நகரத்தின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. லயன் வீட்டுக்குப் பதில் வீடு கிடைத்தது சிலருக்கு. திடலுக்குப் பதில் திடல் எவருக்கும் கிடைக்கவில்லை. பந்து உதைக்க இடமே இல்லாத தமிழ்ப் பள்ளிகள் பல உண்டு. இந்நிலையில் அடுத்த ஆறுமுகம் எங்கிருந்து வருவார் என்று சங்கக் கூட்டங்களில் கேட்பவர்கள், பள்ளிக்குப் பக்கத்தில் காலி நிலம் ஒன்று விற்பனைக்கு வரும்போது அதே குரலில் பேசினால் உபயோகமாயிருக்கும்.

வெற்றிக்குப் பின் நிகழ்ந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாஃபி சாலியை 2011இல் இந்தோனேசியாவின் பெலித்தா ஜெயா அணியே விலைபேசி அழைத்துக்கொண்டது. தங்களைத் தோற்கடித்தவனின் ஆட்டத்தைக் காண அந்நாட்டு ரசிகர்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். ராஜகோபால் 2012இல் மறுபடியும் குழுவை இந்தப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். முதல் ஆட்டத்தில், புக்கிட் ஜாலிலில், சிங்கப்பூரிடம் பூஜ்யத்துக்கு மூன்று என்று தோல்வி. பழையபடி மீண்டெழுவார்கள் என்று ஜனங்கள் எதிர்பார்த்தார்கள். அரையிறுதி வரை எழுந்தும் வந்தார்கள். அங்கே தாய்லாந்து இம்முறை எவருடைய உதவிக்கும் இடம் வைக்காமல் வென்றுவிட்டது. அடுத்த ஆண்டோடு அவர் பொறுப்பிலிருந்து நீங்கினார். அவருக்குப் பின் 2014இலும் 2018இலும் மலேசியா இறுதிச் சுற்று வரை சென்றது. முதல் முறை தாய்லாந்திடமும் அடுத்த முறை வியட்நாமிடமும் ஒவ்வொரு கோல் வித்தியாசத்தில் கோப்பையை இழந்து திரும்பியது.